சிறு படகை இழுத்துச் செல்ல ஏற்ற வண்டி எது?

நெசவாளரும் வேளாண்மை செய்வோரும் வாசிக்கும் இவ்விதழில் படகைப் பற்றியும், அதை இழுக்கும் வண்டியைப் பற்றியும் எழுதுவானேன் என்று அங்கத்தினர்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையின்போது சென்னைத் தெருக்களிலேயே படகு விட நேர்ந்ததை நாம் அறிவோம். 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று பெருந்திரளான மக்களைக் கரை சேர்த்தனர். ஏரியும் ஆறும் உடைத்துக்கொள்ளும் நாளில் குழித்தறிகளில் முதலில் நீர் நிரம்புகிறது. தறியிலுள்ள பாவும் பெட்டியிலுள்ள நூலும் அதன்பின் நனைகின்றன. தாழ்ந்த பகுதியிலுள்ள உழவர் விதை நெல்லையும் ஆடு மாடுகளையும் காப்பாற்ற வழியறியாது தவிக்கின்றனர். இத்தகைய ஊர்களில் சங்கத்திற்கென ஒரு சிறு படகு இருத்தல் நலம் என்னும் யோசனை எழுவது இயல்பே. ஏரி மீன் குத்தகை எடுத்துள்ள சங்கங்களுக்குப் படகு அன்றாடத் தேவையாகவும் இருக்கிறது.

படகு வாங்குவது எளிது. அது கிடக்கும் இடத்திலிருந்து நீர் உள்ள இடத்திற்கு அதனைக் கொண்டு செல்வதே கடினம். படகு ஊருக்கு மேற்கேயும் வெள்ளம் கிழக்கேயும் இருந்தால் அப்படகால் யாருக்கும் பயனில்லை. ஆகவே படகைப் பற்றித் தீர்மானிக்கும் அன்றே அதை இழுக்கும் வண்டியைப் பற்றியும் தீர்மானித்துவிட வேண்டும்.

இதில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, “இந்த வண்டி படகை இழுக்குமா?” என்பதே. இக்கேள்வி போதாது. சமதரையில் மெல்லச் செல்வதானால் ஏறத்தாழ எந்த வண்டியும் ஒரு சிறு படகை இழுத்துவிடும். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இழுத்துச் செல்லும் பாரத்தை அவ்வண்டியால் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியுமா? நனைந்து பாசி படிந்த சரிவில் அப்பாரத்தை மேலேற்ற முடியுமா? இவ்விரண்டிற்கும் “ஆம்” என்று விடை கூறும் வண்டியே ஏற்ற வண்டி.

எடையை முதலில் எழுதிக்கொள்க

விற்பவர் கூறும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடையே. இழுக்க வேண்டியதோ படகும், அதனுள் இருப்பவையும், அதைத் தாங்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை. ஓர் உதாரணம் கொள்வோம். 14 அடி நீளமுள்ள ஃபைபர் படகு 230 கிலோ. அதன் பின்புறத்தில் மாட்டும் மோட்டார் 60 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல், கலத்துடன் 22 கிலோ. நங்கூரம், கயிறு, துடுப்பு, மிதவைச் சட்டைகள் எல்லாம் சேர்ந்து 40 கிலோ. டிரெய்லர் 180 கிலோ. கூட்டினால் 532 கிலோ வருகிறது. கணக்கில் விடுபட்டவற்றையும் கருதி 600 கிலோ என்று வைத்துக்கொள்வது விவேகமாகும்.

இதில் எவரும் எண்ணிப்பாராத பாரம் ஒன்றுண்டு, அது மழைநீர். 3 சதுர மீட்டர் பரப்புள்ள படகின் அடித்தளத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால் 150 லிட்டராகும்; அதாவது 150 கிலோ. மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடக்கும் படகில் ஓர் இரவில் இவ்வளவு நீர் சேர்ந்துவிடலாம். அந்நீர் ஓரிடத்தில் நில்லாது முன்னும் பின்னும் ஓடுவதால் வண்டியையும் ஆட்டும். ஆதலால் புறப்படுமுன் அடித்துளையின் அடைப்பை எடுத்து நீரை வடித்துவிட வேண்டும். படகை நீரில் இறக்குமுன் அவ்வடைப்பை மறவாது மீண்டும் இட வேண்டும்.

நிறுத்தும் வலிமை

வண்டியின் கையேட்டில் அவ்வண்டி இழுக்கத்தக்க எடை இவ்வளவென்று உற்பத்தியாளர் குறித்திருந்தால் அதுவே வரம்பு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் அளவும், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதனிற் குறைந்த மற்றோர் அளவும் தரப்பட்டிருக்கும். கையேட்டில் ஒன்றும் கூறப்படாவிடினும், இழுக்கக் கூடாதென்று கூறப்பட்டிருப்பினும், அவ்வண்டியை இவ்வேலைக்குக் கொள்ளலாகாது. “எஞ்சின் இத்தனை குதிரைத்திறன்” என்னும் பேச்சில் மயங்குதல் வேண்டா. எஞ்சின் ஓட்டுவதற்கு உரியது. நிறுத்துவது பிரேக்கும், வண்டியின் எடையும், டயரின் பிடிப்புமே.

பிரேக் இல்லாத டிரெய்லர், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது தான் நில்லாது முன்னுள்ள வண்டியைத் தள்ளும். வண்டி கனமாக இருந்தால் அத்தள்ளுதலைத் தாங்கும். இலேசாக இருந்தால் அதன் பின்புறம் ஒருபுறமாகத் தள்ளப்பட்டு, வண்டியும் டிரெய்லரும் மடக்குக் கத்தி போல ஒன்றின்மேல் ஒன்று மடங்கும். இது பற்றியே ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்துடன் 750 கிலோவைத் தாண்டலாகாது என்று வரம்பிட்டுள்ளனர். பிரிட்டனில் இதனுடன், இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்கு அது மிகலாகாது என்றும் கொள்கின்றனர். இவ்வளவுகோல் நமக்கும் நல்ல வழிகாட்டி. நமது 600 கிலோ பாரத்திற்கு, வண்டியின் வெற்று எடை 1,200 கிலோவுக்குக் குறையலாகாது. 1,000 அல்லது 1,100 கிலோ எடையுள்ள சிறு கார் இத்தேர்விலேயே தவறிவிடுகிறது.

வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் ஓட்டுநர் நினைவிற் கொள்ள வேண்டும். பாரம் இழுக்கும்போது நிதானமே துணை.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்க்கு இப்பகுதியை விளக்கத் தேவையில்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தி மாடு தளரும். டிரெய்லருக்கும் இதே நியாயந்தான். பின்பாரமான டிரெய்லர் வேகம் கூடியதும் பாம்பு போல இருபுறமும் நெளியும். நெளியத் தொடங்கியபின் அதனை அடக்குவது அரிது. முன்பாரம் மிகுந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்பும் திருப்பும் குறையும்.

மொத்த எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு கொக்கியின்மேல் நிற்பது பொருத்தம். 600 கிலோவுக்கு இது 42 முதல் 60 கிலோ வரை ஆகும். இதை அளந்து பார்க்கத் தனிக்கருவி வேண்டுவதில்லை. நூலும் விளைபொருளும் நிறுக்கும் மேடைத் தராசு நமது சங்கங்களில் உண்டு. சமதரையில் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, தராசின்மேல் வண்டிக் கொக்கியின் உயரத்திற்குக் கட்டைகளை அடுக்கி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினால் தராசு எடையைக் காட்டும். அடுக்கிய கட்டைகளின் எடையைக் கழித்துக்கொள்க. பாரம் கூடினாலும் குறைந்தாலும், படகைச் சிறிது பின்னோ முன்னோ நகர்த்திச் சரிசெய்யலாம். கொக்கியில் நிற்கும் இவ்வெடை வண்டி சுமக்கும் பாரமாகும். வண்டியில் ஏறும் ஆட்களின் எடையுடன் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சரிவே உண்மையான சோதனை

சாலையில் குறையின்றி வந்த வண்டி ஏரிக்கரைச் சரிவில் திணறுவதைக் காண்கிறோம். இதன் காரணத்தைச் சிறு கணக்கால் அறியலாம். 8 அடி நீளத்திற்கு 1 அடி உயரும் சரிவில், மேலேற்ற வேண்டிய மொத்த எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இழுவிசை வேண்டும். பாசி படிந்த நனைந்த தளத்தில் டயருக்குக் கிட்டும் பிடிப்போ, எஞ்சினால் சுழலும் சக்கரங்களின்மேல் நிற்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

முன்சக்கரங்களால் ஓடும் 1,100 கிலோ காரில் இருவர் அமர்ந்து 600 கிலோ பாரத்தை ஏற்றுவதானால், மொத்தம் 1,840 கிலோ. வேண்டிய விசை 230 கிலோ. கொக்கிப் பாரம் பின்னே அழுத்துவதாலும், சரிவில் எடை பின்னோக்கிச் சாய்வதாலும் முன்சக்கரங்களில் நிற்பது சுமார் 650 கிலோவே. அதில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 215 கிலோ. விசை போதவில்லை, சக்கரம் ஓரிடத்திலேயே சுழலும்.

பின்சக்கரங்களால் ஓடும் 1,600 கிலோ ஜீப்பை எடுத்துக்கொண்டால், இருவருடனும் படகுடனும் மொத்தம் 2,340 கிலோ; வேண்டிய விசை சுமார் 290 கிலோ. பின்சக்கரங்களில் ஏறத்தாழ 950 கிலோ நிற்பதால் கிடைக்கும் பிடிப்பு சுமார் 315 கிலோ. மயிரிழையில் தப்பி மேலேறிவிடும். அதே ஜீப் நான்கு சக்கரங்களாலும் இழுக்குமாயின், கொக்கிப் பாரத்துடன் 1,800 கிலோவும் பிடிப்புக்கு உதவ, 600 கிலோ விசை கிடைக்கும். தேவையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. சரிவில் வேலை செய்வதற்கு நான்கு சக்கர இழுவை எத்துணை மதிப்புடையது என்பது இதனால் விளங்கும்.

வசதி குறைந்த சங்கங்களுக்கு எளிய வழியும் ஒன்றுண்டு. வண்டியைச் சரிவில் இறக்காமல் மேலே காய்ந்த சமதரையில் நிறுத்தி, உறுதியான நீண்ட கயிற்றால் டிரெய்லரை மட்டும் இழுக்கலாம். அப்போது சரிவில் ஏற வேண்டியது 600 கிலோ மட்டுமே. எட்டில் ஒரு பங்கு 75 கிலோ. சேற்றின் தடையைக் கூட்டினாலும் பெரும்பாலும் 150 கிலோவுக்குள் அடங்கும். இதற்கு டிரெய்லரின் மூக்கின்கீழ் ஒரு சிறு சக்கரம் இருத்தல் அவசியம். டிரெய்லருக்குப் பின்னாலும், கயிற்றின் அருகிலும் ஒருவரும் நிற்கலாகாது. இழுபடும் கயிறு அறுந்தால் சவுக்கைப்போல் வீசும். பற்று விட்ட டிரெய்லர் கீழ்நோக்கி ஓடும். டிரெய்லர் ஏற ஏற அதன் சக்கரங்களுக்குப் பின்னே கட்டை கொடுத்துக்கொண்டே வருவதற்கு ஒருவர் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

எவ்வண்டி எதற்கு உதவும்?

சிறு கார் முற்கூறிய இரு தேர்விலும் தேறாமையால் அதை விட்டுவிடலாம். ஜீப் வகையும், பின்சக்கரத்தால் ஓடும் பிக்கப் வகையும் நெடுந்தூரத்திற்கு ஏற்றவை. பிக்கப் வண்டியின் பெட்டியில் அளவாகப் பாரம் ஏற்றினால் பின்சக்கரத்தின் பிடிப்பு மேலும் கூடும். மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியின் பெட்டி சுமார் 7 அடியே ஆதலால், 14 அடிப் படகை அதில் ஏற்றிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு செல்வது அபாயகரமானது. பெட்டி 14 அடிக்குக் குறையாத மினி லாரி கிடைத்தால், இழுக்கவே வேண்டுவதில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு, எட்டுப் பேர் சேர்ந்து 230 கிலோ படகைத் தூக்கி வைத்துவிடலாம். ஆள் வசதி உள்ள ஊரில் இதுவே சிக்கனமான முறை.

அடுத்தது டிராக்டர். நம் உழவர் சங்கங்கள் பலவற்றில் இது ஏற்கெனவே இருக்கிறது. தாழ்ந்த கியரில் மெல்ல இழுக்கும் ஆற்றலிலும், சேற்றில் பிடிக்கும் டயரிலும் இதற்கு நிகர் வேறில்லை. தமிழகக் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுகளை மணலில் ஏற்ற டிராக்டரைப் பயன்படுத்துவதைப் பலரும் பார்த்திருப்பர். பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள வேலைக்கு டிராக்டர் போதும். அதற்கு மேற்பட்ட தூரத்திற்கு அதன் வேகம் போதாது.

ஆயினும் டிராக்டரில் உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று நேரக்கூடும். அதனை இங்கு அழுத்திக் கூறுதல் கடமை. கயிற்றையோ சங்கிலியையோ பின் அச்சுக்கு மேலான எந்த இடத்திலும் கட்டக் கூடாது. இழுக்கும் பாரம் அசையாது சிக்கிக்கொண்டால், மேலே கட்டிய கயிறு டிராக்டரைப் பின்னோக்கி இழுக்க, முன்சக்கரங்கள் கிளம்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் டிராக்டர் ஓட்டுநரின்மேல் மல்லாந்துவிடும். குதித்துத் தப்பவும் அவகாசம் இராது. பின் அச்சுக்குக் கீழே அதற்கெனவே அமைந்துள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே கட்ட வேண்டும். கிளட்சைச் சட்டென்று விடலாகாது. சாலையில் செல்கையில் இடம் வலம் என இரண்டாக உள்ள பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் நின்று டிராக்டர் திரும்பிவிடும்.

டிரெய்லரும் சட்டமும்

எவ்வளவு நல்ல வண்டியும் கெட்ட டிரெய்லரால் கெடும். கொக்கியின் குண்டும் அதைப் பற்றும் கிண்ணமும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். பின்விளக்குகள் எரிய வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரங்களை உடனே நீரில் இறக்கினால் பேரிங்குகள் நீரை உறிஞ்சிக் கெடும். சற்று ஆறவிட்டு இறக்குக. கடல்நீரில் இறங்கிய டிரெய்லரை அன்றே நன்னீரால் கழுவ வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்பதற்குத் தரும் பொருளில் டிரெய்லரும் அடங்கும். ஆதலால் பட்டறையில் செய்வித்த டிரெய்லரைப் பதிவு செய்யாது சாலையில் இழுத்துச் செல்லுதல் கூடாது. வண்டியின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் டிரெய்லரும் சேர்ந்துள்ளதா, உழவுக்கென்று பதிவான டிராக்டர் இவ்வேலை செய்தால் இன்ஷூரன்ஸ் செல்லுமா என்பவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைத்தல் நன்று. விபத்து நேர்ந்தபின் கேட்பதால் பயனில்லை. இழப்பீடு சங்கத்தின் தலையில் விழுந்தால் அது அங்கத்தினர் எல்லோருடைய பங்குப் பணத்தையும் தொடும்.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

சங்கக் கணக்குகளைப் பார்வையிடுவோன் என்னும் முறையில் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்குவதாகக் கொள்வோம். நூற்றுக்கு 10 வீதம் வட்டி ரூ.80,000, தேய்மானம் அதே வீதத்தில் ரூ.80,000, இன்ஷூரன்ஸும் பழுது பார்ப்பதும் ரூ.40,000. எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர் கூலியும் சேராமலே ஆண்டுக்கு ரூ.2,00,000 ஆகிறது. ஆண்டில் 20 நடை படகை இழுத்தால், நடை ஒன்றுக்கு ரூ.10,000. இத்தொகையை உங்கள் ஊர் வாடகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். படகுக்காக மட்டும் வண்டி வாங்குவது பெரும்பாலான சங்கங்களுக்குக் கட்டுப்படியாகாது. நெல்லும் நூலும் ஏற்றி ஆண்டு முழுதும் உழைக்கும் வண்டி வாங்கும் வேளையில், அது படகையும் இழுக்கத்தக்கதாகப் பார்த்து வாங்குவதே முறை.

ஆகவே எனது யோசனை இது. சங்கம் முதலில் வாங்க வேண்டியது நல்ல டிரெய்லர். அண்மையில் உள்ள வேலைக்குச் சங்கத்தின் டிராக்டரையோ அங்கத்தினர் ஒருவரின் டிராக்டரையோ பயன்படுத்துக. நெடுந்தூரத்திற்கு ஜீப், பிக்கப் அல்லது மினி லாரி வைத்திருப்பவர் இருவர் மூவருடன் வாடகை பேசி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். ஒரே வண்டியை நம்பியிருத்தல் ஆகாது. வெள்ள நாளில் அது வேறோர் ஊரில் அகப்பட்டிருக்கலாம். வண்டி வாங்க நேர்ந்தால், விற்பவரின் சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், பாரம் ஏற்றிய படகுடன் உங்கள் ஏரிச் சரிவிலேயே இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரெய்லருடன் பின்னோக்கிச் செல்லுகையில் திருப்புவட்டை எதிர்ப்புறம் திருப்ப வேண்டியிருப்பதால், ஓட்டுநருக்கும் பழக்கம் வேண்டும்.

இவை அனைத்தையும் புரட்டாசி மாதத்திற்குள் செய்து முடித்தல் வேண்டும். ஐப்பசியில் அடைமழை தொடங்கியபின் எடை போடவும், கொக்கி பொருத்தவும், ஓட்டுநருக்குப் பழக்கவும் நேரம் கிடையாது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை ஒருமுறை ஏரியில் இறக்கி மீண்டும் கொட்டகை சேர்த்துவிட்டால், எந்த வண்டி ஏற்றது என்பதை அங்கத்தினர் அனைவரும் தம் கண்ணாலேயே கண்டறிவர்.